உள்நில கோல்ஃப் மைதானத்துக்கு விருந்தினராகப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விளையாட்டுப் பக்கத்தில் கோல்ஃப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் பெரிய போட்டிகளையும் அவை நடக்கும் புகழ்பெற்ற மைதானங்களையும் சுற்றியே இருக்கின்றன. 1860இல் தொடங்கிய ஓப்பன் சாம்பியன்ஷிப் இன்றுவரை கடலோர மணற்பரப்பு மைதானங்களில்தான் நடந்துவருகிறது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர் மனத்தில் கோல்ஃப் என்றால் இறுகிய தரை, விழுந்த பிறகும் நெடுந்தூரம் உருளும் பந்து, மரமே இல்லாத வெளி என்று பதிந்துவிடுகிறது. கட்டணம் செலுத்தி ஒரு நாள் ஆடிவிட்டு வரப்போகும் விருந்தினருக்கோ பல நேரம் கிடைப்பது கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, மரங்களுக்கு நடுவே, கூட்டமே இல்லாத ஓர் உள்நில மைதானம். ‘நீளம் குறைவு, ஆளும் இல்லை, நிம்மதியாக நல்ல ஸ்கோர் போட்டுவிடலாம்’ என்று போகிறவர்கள் நொந்துபோய்த் திரும்புவதற்கு அவர்களுடைய ஸ்விங் (மட்டை வீச்சு) காரணமாக இருப்பது குறைவு. தரையையும் மரத்தையும் நேரத்தையும் கணக்கில் எடுக்காமல் ஆடுவதே பெரும்பாலும் காரணம். இதைச் சற்று விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறேன்.

உள்நில மைதானம் எப்படி ஆடும் என்பதை முதலில் தீர்மானிப்பது மண். கடலோர மணல் மழைநீரைக் கீழே இறக்கிவிடும், களிமண் பிடித்துவைத்துக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்நில கோல்ஃப் மதிப்புப் பெறாமல் இருந்ததற்கு இதுவே பெரிய காரணம். களிமண் நிலம் குளிர்காலத்தில் சேறாகவும் கோடையில் முரட்டுப் புல்லாகவும் கிடந்தது. லண்டனைச் சுற்றியுள்ள மணற்பாங்கான புதர்நிலங்களில், வில்லி பார்க் ஜூனியர் அமைத்த சன்னிங்டேல் பழைய மைதானம் 1901இலும், ஹெர்பர்ட் ஃபவுலர் அமைத்த வால்டன் ஹீத் 1904இலும் திறக்கப்பட்ட பிறகுதான் முதல்தரமான கோல்ஃப் கடலை விட்டு உள்ளே வரமுடியும் என்பது உறுதியானது. எனவே உள்நிலம் என்ற ஒரே சொல்லுக்குள் நேர்மாறான இரண்டு தரைகள் இருக்கின்றன. மணற்பாங்கான புதர்நிலத்தில் வறண்ட காலத்தில் பந்து கிட்டத்தட்டக் கடலோரத்தைப் போலவே ஓடும். களிமண் மேல் புல் வளர்த்த மரத்தோப்பு மைதானத்தில் மழைக்குப் பிறகு பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும்.

எந்தத் தரை என்று முதல் டீக்குப் (ஆட்டத்தைத் தொடங்கும் இடத்துக்குப்) போகும் முன்பே தெரிந்துகொள்ளலாம். பயிற்சிப் பகுதியின் ஓரத்தில் பந்தைத் தாங்கும் முளையான ஒரு மர டீயை ஒற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் ஈரக் களிமண். அன்று உருளலை எதிர்பார்க்கக் கூடாது. ஐயன் என்னும் இரும்பு மட்டையால் அடித்துப் பெயர்ந்த புல்திட்டு ஒரே கனத்த துண்டாக வந்தால் களிமண்; உதிர்ந்து சிதறினால் மணல் கலந்த மண். ஈரத் தரையில் மட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது பந்து காற்றில் கடக்கும் தூரத்தை மட்டுமே எண்ண வேண்டும். பலர் தங்கள் 7 ஐயன் ‘150 யார்டு போகும்’ என்பார்கள். அதில் 140 பறப்பதும் 10 உருள்வதுமாக இருக்கும். ஈரக் களிமண்ணில் அந்த 10 கிடைக்காது. கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்பரப்புக்கு) முன்னால் பங்கரில் (மணற்பள்ளத்தில்) விழும் பந்துகளில் பெரும்பகுதி இந்தக் கணக்குப் பிசகால் விழுபவை.

ஈரத் தரையின் இன்னொரு தண்டனை, பந்துக்கு முன்பே மட்டை மண்ணில் இறங்கிவிடுவது. இறுகிய தரையில் அரை அங்குலம் பின்னால் பட்டாலும் மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடும். களிமண்ணில் அதே தவறுக்குப் பந்து பாதித் தூரம்கூடப் போகாது. பந்தை வழக்கத்தைவிட அரைப் பந்தளவு வலப்பக்கம் வைத்து, பிடியை ஓர் அங்குலம் கீழே பிடித்து, எண் ஒன்று குறைந்த, அதாவது கூடுதல் தூரம் போகும் மட்டையால் முக்கால் ஸ்விங் அடிப்பது பாதுகாப்பான வழி (இடக்கை ஆட்டக்காரர் திசையை மாற்றிக்கொள்க). குறுந்தூர அடிக்கான மட்டையாகிய வெட்ஜின் அடிப்பகுதிக் கோணமான பவுன்ஸையும் பார்த்து எடுத்துச்செல்ல வேண்டும். மிருதுவான தரைக்கு 10 முதல் 14 டிகிரி பவுன்ஸ் உள்ள வெட்ஜ் மண்ணுக்குள் இறங்காமல் காப்பாற்றும். 4 முதல் 6 டிகிரி உள்ளது இறுகிய தரைக்கானது. ஈரத்தில் அது கத்தியாக இறங்கும்.

பந்தில் ஒட்டும் சேறு பற்றியும் சொல்ல வேண்டும். சேறு பந்தின் வலப்பக்கம் ஒட்டியிருந்தால் பந்து பொதுவாக இடப்பக்கம் விலகும்; இடப்பக்கம் ஒட்டியிருந்தால் வலப்பக்கம். எவ்வளவு விலகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் கிரீனின் அகலமான பாதியைக் குறிவைப்பதே அறிவு. கிரீனை எட்டும் வரை பந்தைத் துடைக்க விதி பொதுவாக அனுமதிக்காது. ஆனால் ஈரமான மாதங்களில் பல கிளப்புகள் ‘பிரிஃபர்டு லைஸ்’ என்ற உள்ளூர் விதியை அமலில் வைக்கின்றன. அப்போது ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடையே சீராக வெட்டிய பரப்பு) உயரத்துக்கு வெட்டிய புல்லில் பந்தை எடுத்துத் துடைத்து, குறிப்பிட்ட தூரத்துக்குள் வைக்கலாம். அந்தத் தூரம் 6 அங்குலமா, ஒரு மட்டை நீளமா என்பது கிளப்புக்குக் கிளப்பு மாறும். அறிவிப்புப் பலகையில் இருக்கும். படிக்காமல் ஆடினால் ஒன்று சலுகையை இழப்பீர்கள், அல்லது அபராதத்தை வாங்குவீர்கள்.

பந்து தன் சொந்த வேகத்தில் விழுந்து, அதன் ஒரு பகுதியாவது தரைமட்டத்துக்குக் கீழே புதைந்துவிட்டால் அபராதமின்றி எடுக்கலாம். இது ஃபேர்வேக்கு மட்டுமன்றி ரஃபுக்கும் (ஓரத்து நீண்ட புல்லுக்கும்) பொருந்தும். பங்கரிலும் பெனால்டி ஏரியாவிலும் (குளம், ஓடை போன்ற அபராதப் பகுதியிலும்) பொருந்தாது. பந்துக்கு நேர் பின்னாலுள்ள புள்ளியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், குழிக்கு அருகே போகாமல், முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும். தேங்கிய நீருக்கும் இலவச நிவாரணம் (அபராதமின்றிப் பந்தை இடம்மாற்றும் சலுகை) உண்டு. ஆனால் நிற்கும்போது அந்த நீர் தரைமேல் தெரிய வேண்டும். காலை ஊன்றி அழுத்தி நீரை வரவழைப்பது கணக்கில் சேராது.

இனி, எந்த டீயிலிருந்து ஆடுவது? விருந்தினர் செய்யும் மிகப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. மொத்த நீளம் 6,000 யார்டு என்று கண்டதும் பின்டீக்குப் (கிரீனிலிருந்து மிகத் தள்ளியுள்ள டீக்குப்) போய்விடுகிறார்கள். ஓடாத தரையில் 6,000 யார்டு என்பது ஓடும் தரையின் 6,000 யார்டு அன்று. உங்கள் 5 ஐயன் தூரத்தை 36ஆல் பெருக்கினால் உங்களுக்கு ஏற்ற மைதான நீளம் கிடைக்கும் என்பது ஒரு நல்ல கணக்கு. 5 ஐயன் 150 யார்டு போகிறவருக்கு 5,400 யார்டு. ஈரத்தில் அதிலும் ஒரு டீ முன்னால் வரலாம். அதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

நீளத்தைவிட நம்பகமான எண் ஸ்கோர்கார்டிலேயே இருக்கிறது: ஸ்லோப் ரேட்டிங். இது 55க்கும் 155க்கும் இடைப்பட்டது, நடுநிலை 113. நல்ல ஆட்டக்காரரோடு ஒப்பிடும்போது சராசரி ஆட்டக்காரரை அந்த மைதானம் எவ்வளவு அதிகமாகத் தண்டிக்கும் என்பதையே இது சொல்கிறது. மரம் நெருங்கிய குட்டையான உள்நில மைதானத்தில் கோர்ஸ் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கும் ஸ்கோர்) பாருக்குக் (மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகளின் எண்ணிக்கைக்குக்) கீழே இருந்தாலும் ஸ்லோப் 125ஐத் தாண்டலாம். நேராக அடிப்பவருக்கு அங்கே சங்கடமில்லை. கோணலாக அடிப்பவர் ஒவ்வொரு முறையும் மரத்துக்குள்ளிருந்து வெளியேற ஒரு ஸ்டிரோக் (அடி) செலவிடுவார். 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி, உங்கள் ஹேண்டிகேப் இண்டெக்ஸை (ஆட்டத்திறனைக் காட்டும் எண்ணை) ஸ்லோப்பால் பெருக்கி 113ஆல் வகுத்து, அதோடு கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து பாரைக் கழித்து வரும் எண்ணைக் கூட்டினால், அந்த மைதானத்தில் உங்களுக்குச் சலுகையாகக் கிடைக்கும் ஸ்டிரோக்குகளின் எண்ணிக்கை வரும். இண்டெக்ஸ் 18, ஸ்லோப் 128, கோர்ஸ் ரேட்டிங் 71.4, பார் 72 என்றால் 20.4இலிருந்து 0.6 குறைந்து 19.8, முழு எண்ணாக 20. சொந்த மைதானத்தில் 18 வாங்கிப் பழகியவர் இங்கேயும் 18 என்றே எழுதிக்கொண்டு ஆடினால் தனக்குத் தானே அநியாயம் செய்துகொள்கிறார்.

மைதானங்களை அறிமுகம் செய்யும் கட்டுரைகளில் பாரும் மொத்த நீளமும் தவறாமல் வருகின்றன. ஒவ்வொரு டீக்குமான ஸ்லோப், மண்ணின் வகை, கிரீன் பராமரிப்பு நடக்கும் வாரங்கள் ஆகிய மூன்றையும் சேர்த்து வெளியிட்டால் வாசகருக்குப் பெரும் பயன் என்பது என் வேண்டுகோள். பராமரிப்பு வாரங்கள் எதற்கு என்று கேட்கலாம். காலடியில் இறுகிப்போன மண்ணுக்குள் காற்றும் நீரும் போக, கிரீன் முழுதும் சிறு சிறு துளைகளைக் குடைந்து மண்ணை எடுத்துவிட்டு மணல் பரப்புவார்கள். பெரும்பாலும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், அல்லது புல் வேகமாக வளரும் பருவத்தில், இது நடக்கும். அதன்பின் இரண்டு மூன்று வாரம் எந்தப் புட்டும் (கிரீனில் பந்தை உருட்டும் அடியும்) நேராக ஓடாது. இது கிளப்பின் குற்றமன்று. செய்யாவிட்டால் கிரீனே செத்துப்போகும். முன்பதிவுக்குத் தொலைபேசியில் பேசும்போதே மூன்று கேள்விகள் கேளுங்கள்: கிரீன்களில் துளையிட்டு எத்தனை நாள் ஆயிற்று, அன்றைக்கு உறுப்பினர் போட்டி இருக்கிறதா, குளிர்ப் பிரதேசமாக இருந்தால் உறைபனிக்காகத் தற்காலிகக் கிரீன் போட்டிருக்கிறார்களா. உறைந்த புல்லை மிதித்தால் அதன் செல்கள் நொறுங்கிக் காலடித் தடம் கறுத்து வாரக்கணக்கில் தெரியும். அதனால்தான் காலையில் கிரீனை மூடுகிறார்கள். காவலர் யாரும் இல்லையே என்று கயிற்றைத் தாண்டிப் போகக் கூடாது.

கிரீன்களுக்கு வருவோம். 1960இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் வெளியிட்ட முறைப்படி கட்டிய கிரீனில் சுமார் 12 அங்குல மணற்கலவைக்குக் கீழே 4 அங்குலச் சரளை இருக்கும். நீர் செங்குத்தாக இறங்கிவிடும். பழைய உள்நில கிளப்புகளில் அப்படி இல்லை. அங்கிருந்த மண்ணையே மேடாகக் குவித்துக் கிரீன் ஆக்கினார்கள். மழைநீர் மேற்பரப்பிலேயே வழிந்து போக வேண்டும் என்பதால் அவற்றில் பலவும் பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் சரிந்திருக்கும். இந்த ஒன்றை மனத்தில் வைத்தாலே தெரியாத மைதானத்தில் மூன்று புட் போடுவது வெகுவாகக் குறையும். குழியில் நட்ட கொடிக்கு முன்னால் நின்றுவிட்ட பந்துக்கு ஏறுமுகப் புட் கிடைக்கும்; கொடியைத் தாண்டிய பந்துக்கு இறங்குமுகப் புட். கொடி பின்பக்கம் இருந்தாலொழிய, கிரீனின் நடுவைத் தாண்டி அடிக்க வேண்டிய அவசியம் அநேகமாக வராது.

வேகம் நாள் முழுவதும் ஒன்றாக இராது. ஸ்டிம்ப்மீட்டர் என்னும் சரிவுக்கோலிலிருந்து விட்ட பந்து சமதளத்தில் எத்தனை அடி ஓடுகிறது என்பதுதான் கிரீனின் வேகம். பெரிய போட்டிகளில் 11 முதல் 13 அடி வரை கொண்டுபோவார்கள். அமைதியான கிளப்பில் 8, 9 அடி என்பது நல்ல கிரீன். தொலைக்காட்சி வேகத்தை எதிர்பார்த்துத் தடவிவிடுகிறவரின் புட் குழிக்கு ஒரு முழம் முன்பே நின்றுவிடும். மரநிழலில் இருக்கும் கிரீனில் பனி காலை வெகுநேரம் காயாது. வெயில்பட்ட 4ஆம் குழியில் கற்றுக்கொண்ட வேகம் தோப்புக்குள் இருக்கும் 5ஆம் குழியில் உதவாது. கிழக்குப் பக்கம் மரம் அடர்ந்த கிரீனில் காலைப் புட் மெதுவாக ஓடும் என்று எடுத்துக்கொண்டு ஆடலாம்.

வெப்பப் பிரதேசங்களில் பெர்முடா வகைப் புல் என்றால் புல்லின் சாய்வையும் பார்க்க வேண்டும். நீங்கள் நிற்கும் பக்கமிருந்து பார்க்க மேற்பரப்பு பளபளப்பாகத் தெரிந்தால் புல் உங்களிடமிருந்து விலகிச் சாய்ந்திருக்கிறது. பந்து வேகமாகப் போகும். மங்கிய கரும்பச்சையாகத் தெரிந்தால் எதிர்ப்புல், மெதுவாகப் போகும். வெளிச்சம் போதாவிட்டால் குழியின் விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் வெட்டு துல்லியமாகவும் மறுபக்கம் பிசிறடித்துக் காய்ந்தும் இருக்கும். காய்ந்த பக்கத்தை நோக்கியே புல் சாய்கிறது.

மரங்கள்தான் உள்நில மைதானத்தின் முகம். காற்றை மறைப்பதும் அவையே, ஏமாற்றுவதும் அவையே. தோப்புக்குள் பொதிந்த கிரீனில் கொடி அசையாமல் தொங்கும். முப்பது அடி மேலே மரத்தின் உச்சி ஆடிக்கொண்டிருக்கும். பந்து அதன் உயரத்தில்தான் அதிக நேரம் இருக்கிறது. ஆகவே உச்சிக் கிளைகளைப் பார்த்து மட்டையை எடுக்க வேண்டும். ஏற்றமான கிரீனுக்கு, எத்தனை யார்டு உயரமோ ஏறக்குறைய அத்தனை யார்டைத் தூரத்தோடு கூட்டிக்கொள்ளலாம், இறக்கத்துக்குக் கழிக்கலாம். கடல்மட்டத்துக்கு 5,000 அடி மேலே உள்ள மலைநாட்டு மைதானங்களில் பந்து 5, 6 விழுக்காடு கூடுதலாகப் பறக்கும். அங்கே மேற்சொன்ன ஈரத்தரைக் கணக்கோடு இதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கும்.

தூரக் குறிகளிலும் எச்சரிக்கை தேவை. ‘150’ என்ற கம்பம் சில மைதானங்களில் கிரீனின் முன்விளிம்புக்கு அளக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் நடுவுக்கு. இரண்டுக்கும் 15 யார்டு வித்தியாசம் வரலாம். அது முழுதாக ஒரு மட்டை. ஸ்கோர்கார்டின் பின்புறம் பார்த்துக்கொள்க.

பந்து மரத்துக்குள் போய்விட்டால் என்ன செய்வது என்பதில் பல ஸ்டிரோக்குகள் தங்கியிருக்கின்றன. இடைவெளி தெரிகிறது என்று முன்னோக்கி அடிப்பதைவிட, அகலமான திறப்பு எந்தப் பக்கம் இருந்தாலும், பின்னோக்கியே இருந்தாலும், ஃபேர்வேக்கு ஒரு ஸ்டிரோக்கில் வந்துவிடுவது மேல். தாழ்வாக அடிக்க 5 அல்லது 6 ஐயன், பந்து பின்பாதத்துக்கு அருகில், கைகள் பந்துக்கு முன்னால், பிடியைக் குறுக்கி, இடுப்புயரம் வரை மட்டும் பின்னிழுத்து அதே உயரத்தில் முடிக்க வேண்டும். எந்த மட்டை கிளைக்குக் கீழே போகும் என்று தெரியாவிட்டால், பந்திலிருந்து தள்ளி மட்டையின் முகம் வானம் பார்க்கத் தரையில் வைத்து, முகத்தைக் காலால் லேசாக மிதியுங்கள். காம்பு எந்தக் கோணத்தில் எழுகிறதோ ஏறக்குறைய அதுவே பந்து எழும் கோணம். உண்மையில் பந்து அதைவிடச் சற்றுத் தாழ்வாகவே கிளம்பும். ஆகவே கிளைக்குக் கீழே போக இந்தச் சோதனையை நம்பலாம். மரத்துக்கு மேலே போக நம்பக் கூடாது.

பயிற்சி ஸ்விங்கில் கிளையை முறித்தோ இலையை உதிர்த்தோ உங்கள் ஸ்விங்குக்கு வழி செய்துகொண்டால் ஸ்டிரோக் ஆட்டத்தில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில்) இரண்டு ஸ்டிரோக் அபராதம். பந்து வேர்மேல் கிடந்தால் இலவச நிவாரணம் கிடையாது. அங்கே முழு வேகத்தில் அடித்து மணிக்கட்டைக் கெடுத்துக்கொள்வதைவிட ஆடமுடியாத பந்து என்று அறிவித்து, ஒரு ஸ்டிரோக் அபராதத்தோடு இரண்டு மட்டை நீளத்துக்குள் விடுவது நல்லது.

இலையுதிர் காலத்தில் விருந்தினரை மிகவும் எரிச்சலூட்டுவது, ஃபேர்வே நடுவில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பந்து இலைகளுக்குள் காணாமல் போவது. தேட 3 நிமிடம்தான்; 2019க்கு முன்பு 5 நிமிடம் இருந்தது. இலையும் சுள்ளியும் தளர்பொருள்கள். பங்கருக்குள்ளும் அவற்றை அகற்றலாம். ஆனால் அகற்றும்போது பந்து நகர்ந்தால், கிரீனிலும் டீயிலும் தவிர, ஒரு ஸ்டிரோக் அபராதம்; பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். ஆகவே பந்தை ஒட்டிய கடைசி இரண்டு இலைகளை விட்டுவிடுவது பல நேரம் லாபம். அள்ளிப்போவதற்காக ஊழியர்கள் குவித்து வைத்த இலைக்குவியல் பழுதுபார்க்கும் தரையாகக் கருதப்படும். அங்கே நிவாரணம் உண்டு. காற்றில் தானாகச் சேர்ந்த குவியலுக்கு, கிளப் தனி உள்ளூர் விதி போட்டிருந்தால் மட்டுமே நிவாரணம். சந்தேகம் இருக்கும்போதெல்லாம் மாற்றுப்பந்து அடித்துவிடுங்கள், ‘ப்ரொவிஷனல்’ என்று வாய்விட்டுச் சொல்லி. சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டப் பந்தாகிவிடும், முதல் பந்து பிறகு கிடைத்தாலும்.

பங்கர் பற்றிச் சுருக்கமாக. களிமண் மேல் மெல்லிய மணல் என்பதால் மழைக்குப் பிறகு மணல் இறுகிக் கிடக்கும். மட்டை முகத்தை அகலத் திறந்து அடித்தால் துள்ளிப் பந்தின் நடுவில் பட்டு, பந்து கிரீனைத் தாண்டி ஓடும். முகத்தைக் கிட்டத்தட்ட நேராக வைத்து, பவுன்ஸ் குறைந்த வெட்ஜால், பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் இறங்குங்கள்; வழக்கத்தைவிட மெதுவான ஸ்விங் போதும்.

அமைதியான மைதானம் விருந்தினரிடம் கேட்கும் பொறுப்பைப் பற்றி எழுதாமல் முடிக்க மனமில்லை. பெரிய ரிசார்ட்டுகளில் உங்களுக்குப் பின்னால் ஒரு படையே வந்து தரையைச் சீர்செய்யும். இங்கே மைதானம் முழுவதையும் இரண்டு மூன்று பேர் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் விட்டுச்செல்லும் பள்ளம் அப்படியே கிடக்கும். கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தைப் பெரும்பாலோர் தவறாகவே சரிசெய்கிறார்கள். முள்கருவியை நடுவில் குத்தி மண்ணை மேலே நெம்பினால் வேர் அறுந்து அந்த இடம் பொட்டல் ஆகிவிடும். பள்ளத்தின் ஓரத்துக்கு வெளியே சாய்வாகச் செருகி, சுற்றிலுமிருந்து புல்லை நடுவை நோக்கித் தள்ள வேண்டும். கடைசியில் புட்டரால் தட்டிச் சமமாக்க வேண்டும். பத்து விநாடி வேலை. உங்களுடையதோடு கண்ணில் படும் இன்னொன்றையும் சேர்த்துச் செய்தால் அந்தக் கிரீனுக்கு நீங்கள் உண்மையான விருந்தினர். ஃபேர்வேயில் பெயர்ந்த புல்திட்டு முழுதாக, வேரோடு இருந்தால் திரும்பப் பதித்து மிதியுங்கள். சிதறியிருந்தால், அல்லது பெர்முடா புல்லாக இருந்தால், மணல் நிரப்புங்கள். பங்கருக்குள் தாழ்ந்த பக்கமாகவே இறங்கி அதே வழியில் ஏறுங்கள். உயர்ந்த விளிம்பில் ஏறினால் அது சரிந்துவிடும். ஈர நாளில் தள்ளுவண்டியைக் கிரீனுக்கும் முன்பங்கருக்கும் இடையில் கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலான சேற்றுத் தடங்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

பல இடங்களில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர் இருக்க மாட்டார். பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டுப் போவது கட்டணத்துக்காக மட்டுமன்று. நீங்கள் திரும்பி வராவிட்டால் தேடுவதற்கும் அதுதான் ஆதாரம். தனியாக ஆடுகிறவர் இதை அலட்சியம் செய்யவே கூடாது. மேட்டுக்கு அப்பால் கிரீன் மறைந்திருக்கும் குழிகளில் ஒரு மணி தொங்கும். பின்னால் யாரும் தெரியவில்லை என்றாலும், அடிதூரத்தைக் கடந்ததும் அந்த மணியை அடித்துவிட்டுப் போக வேண்டும். பின்னால் வருகிறவர் அந்த ஒலிக்காகவே காத்திருப்பார். மைதானத்தின் குறுக்கே நடைபாதை சென்றால் நடப்பவருக்கே முதலிடம். பந்து தவறான திசையில் போனால் யாரும் இல்லை என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளாமல் ‘ஃபோர்!’ என்று உரக்கக் கத்த வேண்டும். மரங்களுக்குப் பின்னால் பக்கத்துக் குழியில் ஆள் இருப்பது தெரியாது. மற்ற நேரத்தில் குரல் தாழ்ந்தே இருக்கட்டும். சந்தடியில்லாத இடத்தில் சாதாரணப் பேச்சுக்கூட அடுத்த கிரீன் வரை கேட்கும்.

கடைசியாக, இடி. கடலோர வெளியில் மேகம் திரள்வது வெகுதூரத்திலேயே தெரியும். தோப்புக்குள் தலைக்கு மேல் வந்த பிறகுதான் தெரியும். போட்டிகளில் ஆபத்துக்கு ஒரு நீண்ட சங்கொலி எழுப்பி உடனே ஆட்டத்தை நிறுத்துவார்கள். சிறிய கிளப்பில், வார நாளில், சங்கை ஊத ஆள் இருக்கமாட்டார். போட்டியாகவே இருந்தாலும், மின்னல் ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் ஆட்டக்காரர் தானே ஆட்டத்தை நிறுத்த விதி இடம் தருகிறது. எனவே முதல் இடி காதில் விழுந்தவுடன் பந்திருக்கும் இடத்தைக் குறித்துவிட்டு நிறுத்துங்கள். தனி மரத்தடியும், சுவரில்லாத மழைக்கூரையும், மேடான டீயும் ஒதுங்க ஏற்ற இடங்கள் அல்ல. கிளப் கட்டடத்துக்கோ, கூரையுள்ள மூடிய காருக்கோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்